வலப்பக்கத்துக் கவுளி

என்னைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட ஆக அழகான இரண்டு கடிதங்களையும் எழுதியவள் நான்தான். ஒன்று என் பழைய பேராசிரியர் எழுதியதாக. மற்றொன்று எங்கள் துறை அதிகாரி எழுதியதாக. பரிந்துரைக் கடிதம் கேட்டு இருவரிடமும் போனேன். சொல்லிவைத்தாற்போல் இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"நீயே எழுதிட்டு வாம்மா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு வயது முப்பத்துநான்கு. கோயம்புத்தூரில் ஒரு கோழிநோய் ஆய்வகத்தில் கால்நடை மருத்துவர். பல்லடத்துக்குப் பக்கத்தில் வீடு, வீட்டை ஒட்டி எங்கள் கோழிப்பண்ணை. பகலெல்லாம் செத்த கோழி, பொழுது விடிந்தாலும் சாய்ந்தாலும் உயிருள்ள கோழி. பஸ்ஸில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். காரணத்தை என்னால் மோப்பம் பிடிக்க முடியாது, மூக்கு பழகிவிட்டிருந்தது.

அந்த விளம்பரம் என்னிடம் வந்ததே ஒரு செத்த கோழியைச் சுற்றிக்கொண்டுதான். பண்ணைக்காரர்கள் கோழியைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவருவார்கள். அன்று பிரித்தபோது, இறகுக்கும் ரத்தக்கறைக்கும் நடுவே ஆங்கிலத்தில் ஒரு கட்டம்: பணியில் இருக்கும் வல்லுநர்களுக்கு இங்கிலாந்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்பு. செலவு முழுவதும் உதவித்தொகை. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பவேண்டும். கோழியை மேசைமேல் போட்டேன். தாளை அலசிச் சன்னல் கம்பியில் காயவைத்தேன். முப்பத்தைந்துக்கு எனக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அது காயும்வரை காத்திருந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம் என்று எழுத ஆசை. வெயில் காலம், ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

கடிதங்களைத் தட்டச்சு செய்ய ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். கோட்டைமேட்டிலிருந்து சைக்கிளில் வருபவர். என் சுயவிளக்கத்தையும் இரண்டு பரிந்துரைகளையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டாக்டரம்மா, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க வாத்தியாரும் உங்க ஆபீசரும் அண்ணன் தம்பிங்களா?"

"ஏனுங்க பாய்?"

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு உடறாங்க. நீங்களும் அதே மாதிரித்தான் உடறீங்க."

நான் மேசைமேல் இருந்த பசைப்புட்டியை ஆராய்ந்தேன்.

"ஆபீசர் கடுதாசில ஒரு கொறை சேருங்கம்மா. ஒரு ஆபீசர் ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்தா வெள்ளைக்காரன் நம்புவானா? நம்மாளே நம்பமாட்டானே!"

அவர் சொன்னபடி ஒரு வரி சேர்த்தோம்: சில வேளைகளில் இவர் பிடிவாதக்காரர். அதிகாரி அந்தக் கடிதத்தை மேலிருந்து கீழே ஒரு பார்வை ஓட்டி, அந்த வரியில் மட்டும் நின்றார். "இந்த ஒண்ணுதான் இதுல நெசம்," என்றார். கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் இது தெரிந்த ஒரே ஆள் என் கணவர். கோழித்தீவனம் அரைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். மக்காச்சோளத் தூசி படிந்து புருவம் நரைத்திருந்தது.

"ஏனுங்க, வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதிப் போடட்டுங்களா?"

"ம்."

"ஒரு வருசமுங்க. புள்ளைய உட்டுட்டுப் போகோணும்."

"ம்."

அந்த 'ம்'மைத் தூக்கிக்கொண்டு பல வாரம் அலைந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். சம்மதமா, சலிப்பா, அரவை மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவே இல்லையா? கோழியின் வயிற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை.

நேர்காணலுக்குச் சென்னைக்குப் போனேன். வீட்டில் 'டிரெய்னிங்' என்று சொல்லிவிட்டேன். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆராய்ச்சி, தலைமைப் பண்பு, எதிர்காலத் திட்டம் என்று கேட்டார்கள்; எல்லாவற்றுக்கும் நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். கடைசியாக ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேட்டார்: திரும்பி வந்து என்ன செய்வீர்கள்? அதற்கும் மனப்பாடம் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"என் மாமனார் தினமும் காலையில் ஒரு செத்த கோழியைக் கொண்டுவந்து, இது எதனால் செத்தது என்று கேட்கிறார். ஆறு மாதமாக எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பதில் சொல்வேன்."

நால்வரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அதில் வேடிக்கை ஒன்றுமில்லை. பண்ணையில் புதிதாக ஒரு சீக்கு வந்திருந்தது. தடுப்பூசிக்கு அடங்கவில்லை, எங்கள் ஆய்வகச் சோதனைகளுக்குப் பிடிபடவில்லை. நேற்று முட்டையிட்ட கோழி இன்று கம்பிக்கூண்டில் காலை நீட்டிக் கிடக்கும். மாமா அதை உரச்சாக்கில் போட்டுத் தூக்கிவருவார். நான் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் அறுத்துப் பார்ப்பேன். ஈரலைப் புரட்டுவேன், குடலை விரிப்பேன்.

"தெரியலைங்க மாமா."

அவர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போவார். என் படிப்புக்கு எதிராக யார் சொன்ன எதையும்விட, நானே சொன்ன அந்த இரண்டு சொல்தான் எனக்கு உறைத்தது.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கூண்டுக்குள் இருந்த ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகளும் அவருக்கு வியாபாரம். அவருடைய பிரியமெல்லாம் களத்தில் திரிந்த ஒரே ஒரு செவலைச் சேவல்மேல். தினம் காலையில் உள்ளங்கையில் கம்புத் தானியத்தை வைத்துக்கொண்டு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்ச்சு' என்று ஒரு சத்தம் கொடுப்பார். சேவல் எங்கே இருந்தாலும் கழுத்தை நீட்டி 'கொக்' என்று பதில் சொல்லி ஓடிவரும். நாங்கள் யார் கூப்பிட்டாலும் திரும்பாது. நான் ஒருமுறை முயன்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது.

தேர்வாகிவிட்டேன் என்று கடிதம் வந்த நாளில் நான் ஆய்வகத்தில் இருந்தேன். தபால்காரர் அதை மாமாவிடம் கொடுத்திருக்கிறார். அன்று பார்த்து வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒறம்பரைச் சொந்தம் வந்து உட்கார்ந்திருந்தது; பங்காளிகள் இரண்டு பேர் குடும்பத்தோடு. மூன்றாவது படித்த என் மகளைக் கூப்பிட்டு மாமா கடிதத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் எழுத்துக் கூட்டி, "அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்காங்க அப்பாரு, இங்கிலாந்துக்கு வரச்சொல்லியிருக்காங்க," என்று அவையில் அரங்கேற்றிவிட்டாள்; எங்கள் பக்கம் தாத்தாவை அப்பாரு என்பார்கள்.

சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சு நின்றது.

"வாங்க டாக்டரம்மா, வாங்க," என்றார் மாமா. சாதாரண நாட்களில் நான் 'அம்மணி', 'வா', 'போ'. எங்கள் ஊரில் 'ங்க' அன்றாடம் புழங்குவது. மாமாவுக்கு மட்டும் கோபம் ஏற ஏற அது கூடும். "சீமைக்குப் போறீங்களாமுங்க? கோழிக்கு வைத்தியம் படிக்கோணுமுங்களா? கோழியே சிரிச்சுப் போடுமுங்க! இந்த ஊட்ல இருந்து நான் தாட்டி உடமாட்டனுங்க. இத்தனை பேரு முன்னால சொல்றனுங்க."

ஐந்து வாக்கியம், ஐந்திலும் 'ங்க'. அதற்கு மேல் நான் கேட்டதே இல்லை. பங்காளிகள் தலையாட்டினார்கள். கணவர் தூணைப் பார்த்தார். மாமியாரான அத்தை மட்டும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க குளிருமாமே அம்மணி, சொட்டர் இருக்குதா?" என்றார்.

அத்தை அப்படித்தான். மறுநாள் என்னிடம் தனியாக, "புள்ளைய நான் பாத்துக்குவேன், அதப்பத்தி நெனைக்காத. இவரு நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டாரு. அதுதான் கஷ்டம்," என்றார். சம்மதக் கடிதம் அனுப்ப மூன்று வாரம் கெடு. அடுத்த வருடம் விண்ணப்பிக்க எனக்கு வயது இருக்காது. மாமாவின் மனசைக்கூட மாற்றிவிடலாம். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது?

பத்து நாள் போயிற்று. ஒரு காலையில் மாமா வழக்கம்போல் சாக்கோடு கிணற்றடிக்கு வந்தார். ஒன்றல்ல, பதினொரு கோழி. ஒவ்வொன்றாக அறுத்தேன். கடைசிக் கோழியையும் மூடிவைத்துவிட்டு, "தெரியலைங்க மாமா," என்றேன்.

அவர் போகவில்லை. வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க தெரியுமா, அவங்களுக்கு?"

"தெரிஞ்சவங்க இருக்காங்க மாமா."

"அம்மன்கிட்ட உத்தரவு கேட்டுப்போடலாம்," என்றார். சாக்கைக்கூட எடுக்காமல் நடந்தார்.

எங்கள் குலதெய்வம் கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். கல்யாணம், கிணறு வெட்டுவது, வீடு கட்டுவது, எதுவானாலும் அங்கே போய்க் கேட்போம். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுக் கேள்வியைச் சொல்வார். எல்லோரும் வாய்மூடி நிற்கவேண்டும். அவருடைய வலக்கைப் பக்கம் கவுளி சத்தம் கேட்டால் சரி. இடக்கைப் பக்கம் கேட்டால் கூடாது. வெளியூர்க்காரர்கள் பல்லி என்பதைத்தான் நாங்கள் கவுளி என்கிறோம். சொல்வது வேறு வாய், சொல்லவைப்பது அம்மன் என்பது நம்பிக்கை.

ஒரு பல்லியின் மனநிலையை நம்பி நான் உட்கார்ந்திருப்பதா? இரண்டு பரிந்துரைகளை எழுதியவளால் மூன்றாவது எழுத முடியாதா?

ஆய்வகத்தில் ஆளில்லாத வேளைகளில் பல்லிபோல் சத்தமிடப் பழகினேன். மாமா போடும் 'ட்ச்சு' ஈரமாக, கனமாக விழும். பல்லியுடையது உலர்ந்தது, அடுக்கடுக்கானது. நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் வைத்து உதடு அசையாமல் எடுக்கவேண்டும். நான்காம் நாள், குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னாலிருந்த உண்மையான பல்லி எனக்குப் பதில் சொன்னது. இங்கிலாந்துக்குத் தேர்வானபோதுகூட நான் அவ்வளவு பூரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். சாட்சிக்கு அதே இரண்டு பங்காளிகளும் வந்தார்கள். உத்தரவு கிடைத்தால் கோயிலுக்கு விட்டுவிடுவதாக நேர்ந்து, செவலைச் சேவலை ஒயர்க்கூடையில் வைத்து மாமா மடியிலேயே கொண்டுவந்தார். ஆண்கள் ஒரு பக்கம் நின்றார்கள், பெண்கள் நாங்கள் ஒரு பக்கம், எப்போதும் நிற்பதுதானே. கூடை வாசற்படி ஓரம் இருந்தது.

கற்பூரம் எரிந்தது. பூசாரி அம்மனைப் பார்த்து, "ஆயா, இந்த ஊட்டு மருமக கடல்தாண்டிப் போயிப் படிச்சுப்போட்டு வரலாமா, வேண்டாமா? வாயத் தொறந்து சொல்லு," என்றார்.

வாசல்நிலைக்கு மேலே ஒரு தடித்த பல்லி இருந்தது. சுடரைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, கோப்பில் கையெழுத்துப் போடாத அதிகாரியைப்போல அசையாமல் இருந்தது. காவிரிக் காற்று வேப்பமரத்தைப் புரட்டிவிட்டுப் போனது. ஒரு நிமிடம். இன்னொன்று. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் வாயை மறைத்தேன்.

ட்ச்-ட்ச்-ட்ச்-ட்ச்.

அருமையான பல்லி. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாத் தலைகளும் திரும்பின. எந்தப் பக்கம் திரும்பின என்று பார்த்தபோதுதான் தவறு எனக்குத் தெரிந்தது. ஒலியைப் பழகினேன், நேரத்தைப் பழகினேன், உதடு அசையாமல் இருக்கப் பழகினேன். நான் நிற்கப்போகும் இடத்தை மட்டும் யோசிக்கவில்லை. பெண்கள் நின்றது பூசாரிக்கு இடக்கைப் பக்கம்.

"எடப்பக்கமுங்க," என்றார் பூசாரி வருத்தமாக. "அம்மன் வேண்டாங்குதுங்க."

என் விண்ணப்பத்தை நானே நிராகரித்துவிட்டு நின்றேன். அது நான்தான் என்று சொன்னால் அம்மன் சன்னிதியில் கள்ளத்தனம் செய்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் ஆயுளுக்கும் கிணற்றடி. ஒட்டி நின்றிருந்த அத்தை குனிந்து காதில், "தொண்டை வறண்டு போச்சா அம்மணி?" என்றார்.

பூசாரி தட்டைக் கீழே வைக்கக் குனிந்தார். அப்போது வலப்பக்கத்திலிருந்து கேட்டது.

'ட்ச்சு.'

ஒற்றைச் சத்தம். ஈரமான, கனத்த சத்தம். வாசற்படி ஓரக் கூடையிலிருந்து உடனே ஒரு 'கொக்'.

பங்காளி ஒருவர் காதைக் குடைந்துகொண்டு, "கவுளியா அது? தொண்டை கட்டுனாப்புல இருக்குதே," என்றார்.

"காவேரிக்கரைக் கவுளிங்க. ஈரத்துல அப்புடித்தான் இருக்கும்," என்றார் பூசாரி. தட்டோடு நிமிர்ந்து கண்ணை மூடி யோசித்தார். சென்னையில் பார்த்த நால்வரும் சேர்ந்துகூட அவ்வளவு ஆழமாக யோசிக்கவில்லை. "மொதல்ல எடம், பொறவு வலம். ஒரு தடை வரும், அது வெலகும். போயிட்டு வரலாமுங்க!"

"அம்மனே சொன்னதுக்குப் பொறவு நாம என்னத்தப் பேசறது?" என்றார் மாமா பங்காளிகளைப் பார்த்து. அவர்களும் ஆமாம் என்றார்கள். சேவலை அவிழ்த்துவிட்டோம். கோயிலுக்குப் போகவேண்டிய அது மாமாவின் பின்னாலேயே கார்வரை வந்தது. பூசாரி வந்து பிடித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரை ஓரங்கட்டினேன். நெஞ்சு நிறைந்திருந்தது.

"ஏனுங்க, வலப்பக்கம் நீங்கதானுங்களே?"

"நானா? ரெண்டும் நீதான்னு நெனச்சேன். எடப்பக்கம் போட்டுப்போட்டு, தப்பாயிருச்சுன்னு குரல வலப்பக்கம் வீசிட்டியாக்கும்னு பாத்தேன்."

"மொதல்ல போட்டது நான்னு தெரியுங்களா?"

"பத்து நாளா தூக்கத்துல பல்லி மாதிரி கத்திட்டுக் கெடக்கற. தெரியாம?"

"அப்ப நான் போறதுல உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?"

"அன்னைக்கே சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"ம்-னேனே!"

பிறகுதான் என் படிப்பு வேலை செய்தது. உலகத்தில் எந்தச் சேவலும் பல்லிக்குப் பதில் சொல்லாது. அந்தச் சேவல் பதில் சொல்வது ஒரே ஒருவருடைய நாக்குக்கு. ஆறு மாதம் கோழிகளை அறுத்துக் கண்டுபிடிக்க முடியாதவள், ஒன்றையும் அறுக்காமல் இதைக் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. களத்தில் மாமா தனியாக நின்று உள்ளங்கைக் கம்பை வெள்ளைக் கோழிகளின் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

பூசாரி சொன்ன தடையும் வந்தது. அரசு ஊழியர் வெளிநாடு போக அலுவலகம் தரவேண்டிய அனுமதிக் கடிதம் ஒரு மேசையில் படுத்துவிட்டது. நான் நடந்து ஓய்ந்தபின், ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டி மாமா என்னோடு வந்தார். அந்த மேசைக்குரிய கண்காணிப்பாளர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தடை வெலகும்னு அம்மனே சொல்லிப்போட்டுதுங்க. நடுவுல நீங்க எதுக்குங்க?"

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். "எந்த அம்மனுங்க?"

மாமா பெயரைச் சொன்னார். கண்காணிப்பாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கும் அதுவே குலதெய்வம். கடிதம் அன்று பிற்பகலே கையெழுத்தானது.

புறப்பட்ட நாள் கோவை நிலையத்தில் காலை ரயில். சென்னை போய் விமானம். அத்தை இரண்டு சுவெட்டர்களை என்மேல் போட்டுவிட்டிருந்தார், புரட்டாசிப் புழுக்கத்தில். மகள் அப்பாரின் கைவிரலைப் பிடித்துக்கொண்டு, இங்கிலாந்தில் கோழி இங்கிலீஷில் கூவுமா என்று கேட்டாள். கணவர் பெட்டியை ஏற்றினார், 'ம்' என்றார். இந்த முறை எனக்குப் புரிந்தது.

மாமா சன்னல் பக்கம் வந்தார்.

"அந்தச் சீக்கு என்னன்னு பாத்துட்டு வா கண்ணு. வந்து எனக்குச் சொல்லோணும்."

"சரிங்க மாமா."

ரயில் நகர்ந்தது. அழுமூஞ்சியை மகள் பார்க்கவேண்டாமே என்று எதிர்ப்பக்கச் சன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன். சரக்கு வண்டிகள், தண்டவாளத்துப் புல், ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை.

'ட்ச்சு.'

யோசிக்கும் முன்பே என் கழுத்து திரும்பிவிட்டது. நடைமேடையில் மகள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மாமா, வாயை இறுக மூடிக்கொண்டு, நிலையத்துக் கடிகாரத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.